கூகுள் ஸ்காலர்: தேடுவதற்கு அருமை, ஆளை அளப்பதற்கு வேண்டாம்

கூகுள் ஸ்காலரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பெட்டி. இன்னொன்று, ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு புரொஃபைல் பக்கம் கொடுத்து, அவருடைய பேப்பர்களையும் அவற்றுக்குக் கிடைத்த சைட்டேஷன்களையும், அதாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய தடவைகளையும், கூட்டிக் காட்டும் வசதி. முதலாவதன் மேல் எனக்கு நன்றி மட்டுமே இருக்கிறது. இரண்டாவதோடு பல வருடங்களாக எனக்குத் தகராறு. நான் சமூக அறிவியல் பாடம் நடத்துகிறேன், பெண்களின் உழைப்பு பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். "இந்த வருஷம் எத்தனை பேப்பர்?" என்ற கேள்வி வகுப்பறையை, வீட்டை, எழுத்தை என்னவெல்லாம் செய்கிறது என்று தினமும் பார்க்கிறேன். அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேடல். 2004 நவம்பரில் வந்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்கள் சந்தா கட்டிய நிறுவனங்களுக்கு மட்டுமே முழுதாகத் திறக்கும். எந்த ஜர்னலைச் சேர்ப்பது என்பதையும் அவையே தேர்ந்தெடுக்கும். ஸ்காலர் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. புத்தகம், தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயம், ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, ஆங்கிலம் அல்லாத மொழிகளில் வந்தவை என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். அதில் குப்பையும் வரும், போலி ஜர்னல்களும் வரும், பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் பெண்ணிய ஆய்வுக்கு இந்தத் தாராளம் பெரிய உதவி. எங்கள் துறையின் முக்கியமான எழுத்து பல சமயம் தொகுப்பு நூல்களிலும், சிறு குழுக்கள் சம்பளம் வாங்காமல் நடத்தும் ஜர்னல்களிலும்தான் வருகிறது. தேர்ந்தெடுத்த பட்டியலில் இடம் கிடைக்காத அந்த எழுத்து இங்கே கண்ணில் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு முடிவுக்கும் கீழே 'இதை மேற்கோள் காட்டியவை' என்று வரும் இணைப்பு. அதை வெறும் எண்ணாகப் பார்க்காதீர்கள், அழுத்தி உள்ளே போங்கள். மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால், மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடலாம். வீட்டு வேலைக்குக் கூலி கேட்ட எழுபதுகளின் வாதங்களை வகுப்பில் எடுக்கும்போது நான் இப்படித்தான் செய்வேன். மூலக் கட்டுரைக்குப் போய், அதை மேற்கோள் காட்டியவற்றுக்குள் 'செவிலியர்' என்று ஒருமுறை, 'ஆசிரியர்' என்று ஒருமுறை தேடினால், ஒரு வாதம் எந்தெந்தத் துறைக்குள் போய் என்னவாக மாறியது என்ற கதை அப்படியே விரியும். மாணவிகளுக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அப்புறம் அவர்களை அங்கிருந்து எழுப்புவது கஷ்டம். 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பையும் விட்டுவிடாதீர்கள். பணம் கட்டச் சொல்லும் கட்டுரையின் இலவசப் பிரதி ஒன்று பெரும்பாலும் அதற்குள் இருக்கும்.

சரி, இப்போது புரொஃபைல் பக்கம். 2011இல் இதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெயர், வேலை செய்யும் இடம், ஆர்வத் துறைகள், அதன் கீழே கட்டுரைப் பட்டியல். வலது பக்கம் ஒரு சின்ன அட்டவணை: மொத்த சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (குறைந்தது 10 சைட்டேஷன் பெற்ற பேப்பர்களின் எண்ணிக்கை). ஒவ்வொன்றும் இரண்டு தடவை, மொத்தத்துக்கு ஒரு பத்தியும் கடைசி ஐந்து வருடங்களுக்கு ஒரு பத்தியுமாக. அதன் கீழே வருடாவருடம் எத்தனை சைட்டேஷன் வந்தது என்று நிற்கும் கம்பங்கள். கட்டுரைப் பட்டியல் தானாகவே சைட்டேஷன் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். யாராவது உங்கள் ஆர்வத் துறையின் பெயரை அழுத்தினால், அதே துறையைப் போட்டிருக்கும் எல்லோரும் மொத்த சைட்டேஷன் வரிசையில் முதலிடம், இரண்டாமிடம் என்று நிற்பார்கள். வகுப்பில் ரேங்க் போடுவதை நிறுத்தச் சொல்லி வாதாடும் ஆசிரியர்களையும் இந்தப் பக்கம் ரேங்க் போட்டு நிறுத்துகிறது.

எச்-இன்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு. குறைந்தது 10 சைட்டேஷன் பெற்ற பேப்பர் 10 இருந்தால் எச்-இன்டெக்ஸ் 10. ஒருவர் பல வருடம் உழைத்து ஒரே ஒரு புத்தகம் எழுதி, அது உலகம் முழுக்க 2,000 முறை மேற்கோள் காட்டப்பட்டாலும், வேறு எதுவும் இல்லையென்றால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 1தான். இந்த எண் எப்போதும் இறங்காது, ஏறவே செய்யும். அதனால் அதிகம் எழுதியவர்களுக்கும், சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும், இடையில் நிற்காமல் ஓடியவர்களுக்கும் சாதகமானது. ஹிர்ஷின் அந்த 2005 கட்டுரையிலேயே, இயற்பியலில் நிரந்தரப் பதவிக்கு 12, முழுப் பேராசிரியர் பதவிக்கு 18 என்ற அளவில் வைக்கலாம் என்று யோசனை இருக்கிறது. ஒரு துறைக்குச் சொன்ன உத்தேசக் கணக்கு எல்லாத் துறைகளுக்கும் நுழைவுச்சீட்டாகிவிட்டது. 2020இல், இந்த அளவுகோலுக்குத் தான் எதிர்பார்க்காத கடுமையான தீய விளைவுகள் உண்டு என்று அவரே எழுதினார். அளவுகோலைச் செய்தவரே கையை உயர்த்திய பிறகும் தேர்வுக் குழுக்கள் அதை விடவில்லை.

இந்தப் பக்கத்தில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். மாணவியின் ஆய்வேட்டை வரி வரியாகத் திருத்திய மாதங்கள் இல்லை. அடுத்தவர் கட்டுரைக்கு ரிவ்யூவராக எழுதிக் கொடுத்த நீண்ட குறிப்புகள் இல்லை. புதிதாக ஒரு பாடத்தைக் கட்டி எழுப்பியது இல்லை. பாலியல் தொல்லை புகார்க் குழுவில் உட்கார்ந்து, அழுதுகொண்டு வந்தவர்களைக் கேட்டது இல்லை. துறையில் இந்த வேலைகள் யார் மேசைக்கு வந்து விழுகின்றன என்று எந்தப் பெண் ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். "மேடம், நீங்கதான் பொறுமையா பார்ப்பீங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பொறுமை எந்தக் கட்டத்திலும் ஏறாது.

ஒரு பதவி உயர்வு நேர்காணலில் என் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல வேண்டியதில்லை, பல இடங்களில் இதுதான் நடைமுறை. நான் அனுப்பியிருந்த கட்டுரைகளின் பிரதிகள் மேசையில் கட்டுக்கட்டாக இருந்தன, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. குழுவில் ஒருவர் பட்டியலின் தலைப்பில் 'வருடம்' என்று இருந்த இடத்தை அழுத்தினார். சைட்டேஷன் வரிசை கலைந்து, புதியது மேலே பழையது கீழே என்று மாறியது. அப்போதுதான் நடுவில் இருந்த இடைவெளி தெரிந்தது. "இங்க ஏன் ஒண்ணும் இல்லை?" என்று கேட்டார். அந்த வருடங்களில் என் மகள் பிறந்தாள். அம்மா படுக்கையில் விழுந்தார். அதே வருடங்களில்தான் என்னிடம் இருந்த ஆராய்ச்சி மாணவிகள் ஆய்வேட்டை முடித்தார்கள், அதில் ஒருத்தி இன்று எனக்கே பாடம் சொல்லும் அளவுக்கு எழுதுகிறாள். இதையெல்லாம் சொன்னேன். "அது சரி மேடம், நாங்க அவுட்புட் பத்திக் கேக்குறோம்" என்றார். அடுத்த கேள்வி, கம்பங்களைக் காட்டி, "2, 3 வருஷமா பேப்பர் குறைஞ்சிருக்கே?" அந்தக் கம்பங்கள் காட்டுவது பேப்பர் எண்ணிக்கையை இல்லை, பேப்பர்களுக்கு வந்த சைட்டேஷனை. அதை நான்தான் விளக்க வேண்டியிருந்தது. என் எழுத்தைப் படிக்காமல், எண்ணையும் தப்பாகப் படித்துவிட்டு, என் வேலையை நிர்ணயித்தார்கள். அந்த முறை பதவி உயர்வு வரவில்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பதற்குக் கணக்கே இருக்கிறது. கொரோனாவின் முதல் அலையில், 2020 பிப்ரவரி முதல் மே வரை, எல்சவியர் பதிப்பகத்தின் 2,300க்கும் மேற்பட்ட ஜர்னல்களுக்கு வந்த கட்டுரைகளை ஒரு குழு ஆராய்ந்தது. எல்லோருமே வழக்கத்தைவிட அதிகமாக அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஆண்களின் அளவுக்குப் பெண்களால் அனுப்ப முடியவில்லை, அதிலும் இளம் பெண் ஆய்வாளர்கள் மிகவும் பின்தங்கினார்கள். குழந்தைகளும் முதியவர்களும் வீட்டிலேயே இருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு எழுத யாரால் முடிந்தது என்பதுதான் இந்த எண்களில் தெரிகிறது. புரொஃபைல் பக்கத்துக்கு 2020 என்பது மற்ற வருடங்களைப் போல ஒரு வருடம்தான்.

சைட்டேஷனும் நடுநிலையான நாணயம் இல்லை. ஜேஸ்டோர் என்ற இணையக் கட்டுரைக் காப்பகத்தில் 1779 முதல் 2011 வரையிலான 15 லட்சம் கட்டுரைகளை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தங்கள் பழைய கட்டுரைகளைத் தாங்களே மேற்கோள் காட்டுவது ஆண்களிடம் பெண்களைவிட 56 சதவீதம் அதிகம் என்று கண்டது. கடைசி இருபது வருடங்களை மட்டும் எடுத்தால் அது 70 சதவீதம். புரொஃபைல் பக்கத்தில் சொந்த மேற்கோள்களைக் கழித்துப் பார்க்க ஒரு பொத்தான்கூட இல்லை. தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றமில்லை, தொடர் ஆராய்ச்சியில் அது தேவை. ஆனால் அதையும் சேர்த்துக் கூட்டிய எண்ணை வைத்து ஒருவருக்கு வேலை, இன்னொருவர் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவெடுக்கும்போது அது தெரிந்திருக்க வேண்டாமா?

குழந்தை பெற்றவர்களுக்குச் சலுகை இருக்கிறதே என்பார்கள். சில இடங்களில் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளக்க 2014இல் நடந்த ஆர்இஎஃப் மதிப்பீட்டில், வழக்கமாக ஒருவர் நான்கு படைப்புகள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மகப்பேறு விடுப்புக்கும் ஒரு படைப்பைக் குறைத்துக்கொள்ள விட்டார்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தன் நிதிக்கு விண்ணப்பிக்கும் காலவரம்பைத் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று நீட்டிக்கிறது. ஆனால் அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளைப் பற்றி 2018இல் வந்த ஆய்வைப் பாருங்கள். குழந்தை பிறந்தால் ஆண், பெண் இருவருக்குமே நிரந்தரப் பதவிக்கான கெடுவை ஒரு வருடம் தள்ளிவைக்கும் விதி கொண்டுவந்தார்கள். விளைவு, அதே துறையில் நிரந்தரப் பதவி பெறும் வாய்ப்பு ஆண்களுக்குக் கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. அந்தக் கூடுதல் வருடத்தில் ஆண்கள் பெரிய ஜர்னல்களில் இன்னும் சில பேப்பர் போட்டுவிட்டார்கள். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கெடுவை மட்டும் நகர்த்தினால் இப்படித்தான் ஆகும்.

இந்த இடத்தில்தான் 2015இல் 'ஆக்மி' என்ற ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையைச் சொல்ல வேண்டும். பெண்ணியப் புவியியலாளர்கள் பதினொரு பேர் சேர்ந்து எழுதியது, நிதானமான ஆய்வு வேண்டும் என்ற கோரிக்கையோடு. மெதுவாக எழுதுவது தனிமனித சொகுசு இல்லை, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் கூட்டு வேலை என்பது அவர்களுடைய வாதம். மற்றவர்கள் எண்ணாததை நாம் எண்ணுவோம் என்று சொல்கிறார்கள். எழுதியவர்கள் பதினொரு பேர் என்பதே வாதத்தின் பகுதி. ஆனால் ஸ்காலரின் தேடல் முடிவில் அந்தக் கட்டுரையைப் பார்த்தால் முதல் சில பெயர்கள்தான் வரும், மீதிப் பேர் மூன்று புள்ளிகளுக்குள் போய்விடுவார்கள். கேத்தரின் கிப்சனும் ஜூலி கிரஹாமும் செய்ததை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் ஜே.கே. கிப்சன்-கிரஹாம் என்று ஒரே பெயரில் எழுதினார்கள். எது யாருடைய வரி என்று பிரிக்கவே இடம் கொடுக்கவில்லை. ஒரு பெயர், ஒரு ஆள், ஒரு எண் என்று கட்டப்பட்ட பக்கத்துக்கு இந்த மாதிரி எழுத்தை என்ன செய்வதென்று தெரியாது.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாக எழுதினால் ஸ்காலர் சைட்டேஷனைப் பங்கு போடுவதில்லை. முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் முழு எண்ணிக்கை. பெண்கள் சேர்ந்து எழுதும் குழுக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதிய வரிசையைப் பார்த்து "உங்க பங்கு எவ்வளவு சதவீதம்?" என்று கேட்பது தேர்வுக் குழுக்களின் பழக்கம்.

அந்த 'ஆக்மி' கட்டுரையை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த பெண்கள் சிலர் சேர்ந்து படித்தோம். படித்து முடித்துவிட்டுப் போகாமல், நாம் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்தோம். முதலில் வந்த யோசனை, எல்லோரும் ஒரே நாளில் புரொஃபைல் பக்கத்தை மூடிவிடலாம் என்பது. கேட்க நன்றாக இருந்தது. அப்போது ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு இளம் சக ஆசிரியர் சொன்னார்: "மேடம், உங்களுக்கு பெர்மனென்ட். நீங்க மூடினா அது கொள்கை. நான் மூடினா, பக்கமே இல்லாத பொண்ணுனு விண்ணப்பத்தைத் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க." யாரும் பதில் பேசவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது அப்படியே உண்மை. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் 'நிதானமாக எழுது' என்று அறிவுரை சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது.

அன்றைக்கு எடுத்த முடிவை இன்றுவரை சரி என்றே நினைக்கிறேன். எண்ணை மறுக்கும் வேலையை, இழக்கக் குறைவாக இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டும். நிரந்தர வேலையில் இருந்த நாங்கள் பக்கத்தை மூடினோம். ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் திறந்தே வைத்துக்கொண்டார்கள். தேர்வுக் குழுவில் எங்களுக்கு இடம் கிடைக்கும்போது, விண்ணப்பதாரரின் புரொஃபைலைத் திரையில் போட வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கேட்பது, ஆளுக்கு மூன்று படைப்புகளை வாங்கி உண்மையாகவே படித்துவிட்டு வருவது என்று வைத்துக்கொண்டோம். "டைம் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் உருவான டோரா பிரகடனத்தைக் காட்டுவேன். எந்த ஜர்னலில் வந்தது என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள், ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் என்ற எண்ணை) ஆளுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021இல், ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கைவிடுவதாக அறிவித்தது. முடியாது என்று சொல்பவர்களிடம் காட்ட இந்த மாதிரி ஒன்றிரண்டு உதாரணங்கள் கையில் இருப்பது நல்லது. சில குழுக்கள் ஒத்துக்கொண்டன. சில குழுக்களில் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் முன், மேற்கோள் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ் படித்து, யாரிடமிருந்து கற்றுக்கொண்டேனோ அவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்று பார்ப்பது. கறுப்பினப் பெண்களின் எழுத்தை மேற்கோள் காட்டுங்கள் என்று கிறிஸ்டன் ஸ்மித் 2017இல் தொடங்கிய இயக்கத்திலிருந்து கற்றது இது. இதற்கு ஸ்காலரின் தேடல்தான் எனக்குத் துணை. பெரிய பெயர் முதல் பக்கத்தில் வரும். நான் ஐந்தாவது, ஆறாவது பக்கம்வரை போவேன். சைட்டேஷன் குறைவாக இருப்பதாலேயே கீழே தள்ளப்பட்ட நல்ல கட்டுரைகள் அங்கேதான் கிடக்கும்.

பக்கம் வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கில் புரொஃபைலைத் திறக்காதீர்கள், உங்கள் சொந்த கூகுள் கணக்கில் திறங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவனக் கணக்கு போய்விடும், அதோடு பக்கமும் கைவிட்டுப் போகும். நிறுவன மின்னஞ்சலை உறுதிப்படுத்துவதற்கு மட்டும் கொடுத்தால் போதும். 'தானாகச் சேர்' என்ற அமைப்பை மாற்றி, 'எனக்கு மின்னஞ்சல் அனுப்பு, நான் பார்த்துச் சேர்க்கிறேன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும்போது அடுத்தவர் பேப்பர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், தேர்வுக் குழு உங்களைத்தான் சந்தேகப்படும். திருமணத்துக்குப் பின்னோ பிரிவுக்குப் பின்னோ பெயரை மாற்றியவர்கள், பழைய பெயரில் தேடி அந்தக் கட்டுரைகளைத் தாங்களே சேர்த்துக்கொள்ள முடியும். தானாக வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மூட வேண்டுமென்றால், பெயருக்குப் பக்கத்தில் உள்ள பேனா அடையாளத்தை அழுத்தி, பக்கத்தைப் பொதுவில் வைக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்தால் போதும். அழிக்கத் தேவையில்லை. ஆனால் மூடிய பிறகும் உங்கள் கண்ணுக்கு அந்த எண் தெரிந்துகொண்டுதான் இருக்கும். ராத்திரி தூக்கம் வராமல் அதைப் போய்ப் பார்க்கும் தோழிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது, புக்மார்க்கை எடுத்துவிடுங்கள், அதற்குப் பதிலாக உங்கள் தலைப்பில் ஓர் அலர்ட் போட்டுக்கொள்ளுங்கள். புது வாசிப்பு வரும், எண் வராது.

மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு ஆர்கிட். லாப நோக்கமில்லாத அமைப்பு, 2012இல் தொடங்கியது. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாள எண் ஒன்றும் ஒரு பக்கமும் கொடுக்கும். அதில் சைட்டேஷன் கூட்டல் கிடையாது, ரேங்க் கிடையாது. ரிவ்யூ செய்ததையும், குழுக்களில் செய்த பணியையும் பதிய இடம் உண்டு. வேறு பெயர்களில் எழுதியிருந்தால் அவற்றையும் சேர்க்கலாம். ஒவ்வொரு தகவலையும் யார் பார்க்கலாம் என்று தனித்தனியாக நாமே முடிவு செய்யலாம். தேடுவதற்கு அது ஸ்காலருக்கு ஈடாகாது, ஆனால் 'உங்கள் பக்கத்தின் இணைப்பைத் தருக' என்று விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் நான் அதைத்தான் போடுகிறேன்.

விவரிப்பு முறையில் எழுதும் தன்விவரமும் பரவி வருகிறது. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2019இல் ஒரு மாதிரி வெளியிட்டது. அறிவுக்கு என்ன சேர்த்தீர்கள், மற்றவர்களை எப்படி வளர்த்தீர்கள், ஆய்வுச் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள், வெளி சமூகத்துக்கு என்ன செய்தீர்கள் என்று நான்கு பகுதி. இரண்டாவது பகுதியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. மாணவிகளோடு கழிந்த அந்த வருடங்களை எழுத முதன்முதலாக ஓர் இடம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது தங்கள் வேலையைத் தாங்களே பெரிதாகச் சொல்ல எங்களில் பலருக்குக் கை வரவில்லை. அதனால் ஒருவர் பத்தியை இன்னொருவர் எழுதிக் கொடுத்தோம். நான் எழுதிய ஒரு பத்தியைப் படித்த தோழி, "இதையெல்லாம் நானா செஞ்சேன்?" என்று கேட்டார். அத்தனையும் அவர் செய்ததுதான், பக்கத்திலிருந்து பார்த்துத்தான் எழுதினேன்.

ஸ்காலரிடம் நான் கேட்பது அதிகமில்லை. கட்டுரைப் பட்டியலைக் காட்டி எண் அட்டவணையை மட்டும் மறைக்க ஒரு வசதி வேண்டும். சொந்த மேற்கோள்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். துறைப் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலை சைட்டேஷன் வரிசையில் இல்லாமல் அகர வரிசையில் தர வேண்டும். கூட்டாக எழுதியவர்களின் பெயர்களை முழுமையாகக் காட்ட வேண்டும். இவ்வளவு பெரிய தேடுபொறியைக் கட்டியவர்களுக்கு இது முடியாத காரியமில்லை.

தேடல் பெட்டிக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். புரொஃபைல் பக்கத்துக்கு ஒன்று, அதுவும் கட்டுரைகளை ஓரிடத்தில் தொகுத்து வைப்பதற்காக. வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் திறந்து வைத்திருங்கள், அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. நிரந்தர வேலையில் இருப்பவர்கள், குறிப்பாகத் தேர்வுக் குழுவில் உட்காருபவர்கள், அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போங்கள். மூடும் முன் எல்லாக் கட்டுரைகளையும் டிக் செய்து பிப்டெக் (மேற்கோள் விவரங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்கிட்டில் அந்தக் கோப்பை அப்படியே ஏற்றலாம், ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.